பார்த்துக்கொண்டவரின் துக்கம்

மனநோயோடு போராடும் ஒருவரை வீட்டில் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார். மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போவது, "இன்றைக்குச் சாப்பிட்டாயா" என்று கேட்பது, ராத்திரியில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவது. அது அம்மாவாக இருக்கலாம், கணவனாக இருக்கலாம், மகளாகவோ தம்பியாகவோ நெருங்கிய நண்பராகவோகூட இருக்கலாம். சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது. கேட்டால், "நான் என்ன பெரிதாகச் செய்கிறேன், கூட இருக்கிறேன், அவ்வளவுதான்" என்பார்கள். எழுத்தில் இவர்களைப் பராமரிப்பாளர்கள் என்கிறோம்.

அப்படிப் பல ஆண்டு பார்த்துக்கொண்ட மனிதர் ஒரு நாள் தற்கொலையால் இறந்துவிட்டால், பார்த்துக்கொண்டவரின் மனம் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நீங்களே அந்த நிலையில் இருப்பவர் என்றால், ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டாம். பாதியில் நிறுத்திவிட்டு வேறொரு நாள் தொடரலாம்.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பராமரிப்பாளர் இழப்பது ஓர் உயிரை. அதோடு சேர்த்து, அந்த உயிருக்காக அவர் நின்ற காவலுக்கும் வேலை இல்லாமல் போகிறது. வேலை போனாலும் காவல் நிற்பதில்லை. உடம்பு பழக்கத்தில் விழித்துக்கொண்டே இருக்கும். மனமோ அதே காவலைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு, கடந்துபோன நாட்களுக்குள் நுழைந்து ஆளைத் தேடும். தூக்கமின்மை, குற்ற உணர்வு, வெளியே சொல்ல முடியாத நிம்மதி, கோபம் என்று அவரிடம் நாம் பார்க்கும் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு சொல், சில எண்கள்

'தற்கொலை' என்ற சொல்லுக்குள்ளேயே 'கொலை' உட்கார்ந்திருக்கிறது. கொலை என்றால் குற்றவாளி ஒருவர் வேண்டும். அது இறந்தவரா, அல்லது காப்பாற்றத் தவறியவரா? பராமரிப்பாளரின் காதில் அந்தச் சொல் விழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் சேர்ந்தே விழுகிறது. சொல்லை நம்மால் சட்டென்று மாற்ற முடியாது. ஆனால் 'தற்கொலை செய்துகொண்டார்' என்பதற்குப் பதிலாக, 'புற்றுநோயால் இறந்தார்' என்பதுபோல, 'தற்கொலையால் இறந்தார்' என்று சொல்லிப் பழகலாம். சின்ன மாற்றம்தான். கேட்பவருக்கு அது சின்னதாக இருப்பதில்லை.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு 7,20,000-க்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஒரு மரணத்தால் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள்? ஆறு பேர் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜூலி செரலும் அவருடைய குழுவினரும் பின்னாளில் கணக்கிட்டபோது, இறந்தவரை அறிந்தவர்கள் என்ற வகையில் சுமார் 135 பேரை அது தொடுகிறது என்று தெரிந்தது. பக்கத்து இருக்கை சக ஊழியர், பழைய பள்ளி நண்பர் எல்லாரும் அந்த 135-இல் வருவார்கள். அவர்கள் நடுவே, மிக அருகில், பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் பார்த்துக்கொண்டவர்கள். எண்ணிக்கைக்குள் அவர்கள் கரைந்துபோய்விடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

இப்படி இழந்தவர்களுக்கு எனத் தனி ஆதரவு வேண்டும் என்று முதலில் அழுத்திச் சொன்னவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன். 1958-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தற்கொலைத் தடுப்பு மையம் தொடங்கியவர்களில் ஒருவர். மரணத்துக்குப் பிந்தைய இந்த ஆதரவுக்கு 'போஸ்ட்வென்ஷன்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். இழந்தவர்களைத் தாங்கிப் பிடிப்பது அடுத்த தலைமுறைக்கான தடுப்பு வேலையும்கூட என்பது அவருடைய பார்வை.

நிற்காத காவல்

ஒரு தங்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருமுனைக் கோளாறு (மனநிலை மிகையான உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) உள்ள அண்ணனை ஒன்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். செல்பேசியை ஒரு நாளும் சைலண்ட்டில் போட்டதில்லை. குளிக்கப் போனால் அதைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டுப் போவார். அண்ணன் மாடிப்படி ஏறும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு மனநிலை எப்படி என்று சொல்லிவிடுவார். மெதுவாக ஏறினால் ஒரு கணக்கு, இரண்டிரண்டு படியாகத் தாவினால் இன்னொரு கணக்கு. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டியை ஞாயிறு மாலை உட்கார்ந்து நிரப்புவது அவர் வேலை.

அண்ணன் இறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இரவு 2 மணிக்குத் தங்கைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எழுந்துபோய் அண்ணன் அறையை எட்டிப் பார்ப்பது பழக்கம். இப்போதும் எழுந்துபோகிறார். கதவருகே நின்ற பிறகுதான் நினைவு வருகிறது. செல்பேசி மணி அடித்தால் வயிறு சுருண்டு நெஞ்சு படபடக்கிறது. மாத்திரைப் பெட்டி அலமாரியில் அப்படியே இருக்கிறது. புதன் வரை காலி. வியாழனிலிருந்து நிரம்பியிருக்கிறது. அதைக் கொட்டவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று இவர் பயப்படுகிறார். பைத்தியமெல்லாம் இல்லை. ஆண்டுக்கணக்காக ஆபத்தை எதிர்பார்த்தே வாழ்ந்த நரம்பு மண்டலம், ஆபத்து நடந்து முடிந்துவிட்டது என்பதை உடனே ஏற்றுக்கொள்வதில்லை. காதும் தூக்கமும் நாடித்துடிப்பும் அந்த வேலைக்குப் பழக்கப்பட்டுவிட்டன. பராமரிப்பு தரும் நீண்ட கால அழுத்தம் தூக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் மனநிலையையும் கெடுக்கும் என்பது நன்கு அறியப்பட்ட விஷயம். சாதாரணமாகத் துக்கத்துக்குள் நுழைபவர் ஓரளவு தெம்போடு நுழைகிறார். பராமரிப்பாளரோ ஏற்கனவே களைத்துச் சோர்ந்த உடம்போடு நுழைகிறார். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் சுற்றியிருப்பவர்கள் புரிந்துகொண்டாலே, "இன்னும் ஏன் இப்படியே இருக்கிறாய்" என்ற கேள்வி பாதி குறைந்துவிடும்.

"எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்"

தற்கொலையால் ஒருவரை இழந்த யாரிடம் பேசினாலும் 'ஏன்' என்ற கேள்வி வரும். பராமரிப்பாளரிடம் அது வேறு உருவம் எடுக்கிறது. "ஏன் போனான்" என்று தொடங்கி, "நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன்" என்பதில் போய் நிற்கும். மற்றவர்கள் அறியாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அவர்கள் தூரத்தில் இருந்தார்கள். இவருக்கு அந்தக் காரணம் கிடையாது. பார்ப்பதுதானே இவர் வேலை.

அதனால் மனம் நாட்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும். கடைசி வாரம் அமைதியாக இருந்தானே, அது நல்லது என்று நினைத்தேனே. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டான், அப்புறம் பேசுகிறேன் என்றேனே. அன்றைக்கு மட்டும் வெளியே போகாமல் இருந்திருந்தால்? ஒவ்வொரு 'இருந்திருந்தால்' முடிவிலும் அண்ணன் உயிரோடு இருக்கிறார். அதனால்தான் அதை விட முடிவதில்லை. குற்ற உணர்வு என்பது ஒரு வகையில், அந்த மரணத்தைத் தடுத்திருக்க முடியும் என்ற நம்பிக்கையைக் கைவிடாமல் இருப்பது. 'நான் தவறு செய்தேன்' என்பது தாங்க முடியாத எண்ணம்தான். 'என் கையில் ஒன்றுமே இல்லை' என்பதை அதைவிடத் தாங்க முடியாது.

இங்கே இரண்டு ஆய்வுகளைச் சொல்வது பயன்படும்.

முதலாவது, உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் எழுதியது. ஒரு நிகழ்வின் முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்துதான் இருந்தது என்று நம் மனம் நம்பிவிடுகிறது என்பதை அவர் சோதனைகள் மூலம் காட்டினார். முடிவு தெரியாத நிலைக்கு நம்மால் மனதளவில் திரும்பிப் போகவே முடிவதில்லை. இதைப் பின்னறிவுச் சார்பு என்கிறார்கள். இன்றைக்கு அந்த செவ்வாய்க்கிழமை அழைப்பு அபாய மணிபோல ஒலிக்கிறது. அன்றைக்கு அது, ஒன்பது ஆண்டுகளில் வந்த ஆயிரக்கணக்கான அழைப்புகளில் ஒன்று.

இரண்டாவது, ஜோசப் ஃபிராங்க்ளினும் குழுவினரும் 2017-இல் வெளியிட்டது. தற்கொலை எண்ணத்தையும் முயற்சியையும் மரணத்தையும் முன்கூட்டிக் கணிக்க ஐம்பது ஆண்டுகளாக நடந்த 365 ஆய்வுகளை அவர்கள் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். தெரிந்த ஆபத்துக் காரணிகளை வைத்துக் கணிப்பது, குருட்டுவாக்கில் ஊகிப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று முடிவு வந்தது. யோசித்துப் பாருங்கள். பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டு முயன்றும் யார், எப்போது என்று சொல்ல முடியாத ஒன்றை, சோறும் துணியும் வேலையும் பார்த்துக்கொண்டே ஒரு தங்கை கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

இந்த ஆய்வைப் படித்ததும் குற்ற உணர்வு ஓடிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அது தர்க்கத்தால் வந்தது இல்லை, தர்க்கத்தால் போகாது. "நீ முடிந்ததையெல்லாம் செய்தாய், உன் மேல் தப்பே இல்லை" என்று அவசர அவசரமாகச் சொன்னால், பல நேரம் அவர் வாயை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். சொல்ல வந்தது உள்ளேயே தங்கிவிடும். அந்த செவ்வாய்க்கிழமையை அவர் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும். ஒரு தடவை போதாது, பல தடவை. சொல்லச் சொல்ல, தான் மட்டுமே நின்ற அந்தக் காட்சிக்குள் நோய் வரும், மருத்துவம் வரும், அண்ணனுடைய வலி வரும், அண்ணன் தானே எடுத்த முடிவுகளும் மறைத்த விஷயங்களும் வரும். பழி தன் ஒருவர் தோளிலிருந்து இறங்கிப் பரவ அப்போதுதான் இடம் கிடைக்கிறது.

சொல்லக் கூசும் நிம்மதி

இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுபவர்கள் குறைவு. பேசாமல் விடுவதால் நிறையப் பேர் தனியாகத் தவிக்கிறார்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்.

பல பராமரிப்பாளர்களுக்கு மரணத்தின் பின், அழுகைக்கு நடுவே, ஒரு நிம்மதி எட்டிப் பார்க்கும். இனி ராத்திரி ஃபோன் வராது. இனி மருத்துவமனை வாசலில் காத்திருக்க வேண்டாம். அவன் வலியும் முடிந்தது. இப்படி ஓர் எண்ணம் ஓடி மறையும். மறுகணமே, "நான் எப்படிப்பட்ட ஆள்" என்று தன்னையே வெறுக்கத் தொடங்குவார்.

ரிச்சர்ட் ஷுல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, முதுமை மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, பின்னர் அவர்களை இழந்த 217 குடும்பத்தினரைப் பற்றியது. அவர்களில் 72 சதவீதம் பேர் அந்த மரணம் தங்களுக்கு ஓர் ஆறுதலாக இருந்தது என்றார்கள். அவர்களை யாரும் தவறாக எண்ணவில்லை. தற்கொலையால் இழந்த பராமரிப்பாளருக்கும் வருவது அதே நிம்மதிதான். ஒன்பது ஆண்டு தூக்கிய சுமையைக் கீழே வைத்த தோள் தானாகத் தளர்வதுதான் அது. அந்த மரணத்தை அவர் விரும்பினார் என்று அதற்குப் பொருள் இல்லை. அன்பு குறைவு என்றும் பொருள் இல்லை. நிம்மதியும் ஏக்கமும் ஒரே நெஞ்சில் ஒரே நாளில் இருக்கலாம்.

கோபமும் அப்படித்தான். "இவ்வளவு செய்தேனே, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே" என்று இறந்தவர் மேல் வரும். பேச்சைக் காதில் வாங்காத மருத்துவர் மேலும் எட்டிக்கூடப் பார்க்காத உறவினர் மேலும் வரும். இறந்தவர் மேல் கோபப்படுவது பாவம் என்று நினைத்து அதை விழுங்கினால், பெரும்பாலும் அது தன் மேலேயே திரும்பும்.

ஒரே நாளில் எல்லாம் நின்றுபோவது

பராமரிப்பு என்பது ஓர் அடையாளமும்கூட. ஒன்பது ஆண்டு 'இன்னாரைப் பார்த்துக்கொள்பவர்' என்று வாழ்ந்தவருக்கு, காலையில் எழுந்ததும் செய்ய ஒன்றும் இல்லை. வேலையை விட்டிருப்பார். நண்பர்கள் விலகிப் பல காலம் ஆகியிருக்கும். மாதந்தோறும் பேசிக்கொண்டிருந்த மருத்துவர், செவிலியர், ஆலோசகர் எல்லாரும் ஒரே நாளில் வாழ்க்கையிலிருந்து மறைந்துவிடுவார்கள். நோயாளி இறந்ததும் கோப்பு மூடப்படும். பராமரிப்பாளரின் பெயரில் கோப்பு எதுவும் கிடையாது. தன் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த அந்த ஒரே இடம்தான் அவருக்கு அடைபடுகிறது. கூடவே விசாரணை, சான்றிதழ், கையெழுத்து. நடந்ததை அறிமுகமற்றவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும்.

சிகிச்சை தந்தவர்கள் ஒரு முறை கூப்பிட்டு, உட்காரவைத்துப் பேசினால் அது எவ்வளவு பெரிய உதவி! நோயாளியின் ரகசியத்தைக் காப்பது வேறு. குடும்பத்தின் துக்கத்துக்குக் காது கொடுப்பது வேறு. முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதைத் தவிர்க்க வேண்டியதில்லை.

இதன்மேல் களங்கம் வேறு. சமூகம் முழு மனதோடு ஏற்றுக்கொள்ளாத துக்கம் என்ற கருத்தை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-இல் விளக்கினார். தற்கொலையால் வந்த இழப்பு அதற்குச் சரியான உதாரணம். ஆட்கள் எதிரே வந்தால் பேச்சு நின்றுவிடும். இறந்தவர் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்குள்ளேயே 'மாரடைப்பு என்று சொல்லிவிடலாம்' என்று முடிவெடுப்பார்கள். அந்தப் பொய்யைத் தாங்கி நிற்பது இன்னொரு முழுநேரக் காவல் வேலை. குழந்தைகளிடம் மறைப்பது அதிலும் கடினம். அவர்கள் வயதுக்குத் தகுந்த எளிய வார்த்தையில் உண்மையைச் சொல்வதே நல்லது. எப்படியும் ஒரு நாள் வேறு யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

எது துக்கம், எது நோய்

துக்கம் ஐந்து படிகளில் வரிசையாக நடக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் சொன்னது. அவர் பேசியது இறந்துகொண்டிருந்த நோயாளிகளிடம். இழந்தவர்கள் அந்தப் படிகளை வரிசையாக ஏற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுவது ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999-இல் முன்வைத்த விளக்கம். துக்கப்படுபவர் ஊசல்போல ஆடுகிறார் என்கிறார்கள். ஒரு நேரம் இழப்பின் பக்கம் போய் அழுகிறார். இன்னொரு நேரம் வாழ்க்கையின் பக்கம் வந்து கட்டணம் கட்டுகிறார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், சிரிக்கக்கூடச் செய்கிறார். இரண்டும் வேண்டும். நேற்று சிரித்தவர் இன்று அழுதால் பின்னோக்கிப் போய்விட்டார் என்று பொருள் இல்லை.

ஆனால் ஊசல் ஒரே பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. மாதங்கள் போன பிறகும் ஏக்கம் ஒவ்வொரு நாளையும் விழுங்குகிறது, நம்ப முடியவில்லை, தன்னில் ஒரு பகுதி செத்துவிட்டதுபோல் இருக்கிறது, வேலையும் உறவும் நடக்கவில்லை என்றால் அது நீடித்த துயரக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 இதற்குக் குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. மனச்சோர்வு இதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. அங்கே ஏக்கத்தைவிட, எதிலும் ஈடுபாடு இல்லாமையும் தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமும் முன்னே நிற்கும். இறந்தவரை முதலில் கண்டவர் பராமரிப்பாளராகவே இருப்பது உண்டு. அவருக்கு அந்தக் காட்சி கேட்காமலே திரும்பத் திரும்ப வருவது, கெட்ட கனவு, அந்த அறைப் பக்கமே போக முடியாமை எல்லாம் இருந்தால், அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம். மூன்றும் சேர்ந்தும் வரலாம். எது என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை, உங்கள் வேலை இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அலெக்ஸாண்ட்ரா பிட்மனும் குழுவினரும் பிரிட்டனில் நெருங்கியவரை இழந்த 3,432 இளம் வயதினரை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, தற்கொலையால் இழந்தவர்கள் தாங்களே தற்கொலைக்கு முயல்வதற்கான வாய்ப்பு, இயற்கையான திடீர் மரணத்தால் இழந்தவர்களைவிட 65 சதவீதம் கூடுதலாக இருந்தது. படித்ததும் பயம் வரும். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. களங்கத்தை எவ்வளவு உணர்ந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வித்தியாசம் சுருங்கியது. சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதத்துக்கு அவ்வளவு கனம் இருக்கிறது. இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பாதையில் போவதில்லை என்பதும் உண்மை.

"நானும் போய்விடலாமா" என்ற எண்ணம் உங்களுக்கு வந்தால், அதை அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண், பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு, நம்பும் ஒரு மனிதர், யாராக இருந்தாலும் சரி. பக்கத்தில் இருப்பவர் நீங்கள் என்றால் நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பெரும்பாலும், கேட்க ஒருவர் இருக்கிறாரே என்ற ஆசுவாசம்தான் வரும்.

எது உதவுகிறது

முதல் வாரங்களில் ஆழமான சிகிச்சையைவிடத் தூக்கமும் சாப்பாடும் கூட ஆளிருப்பதும்தான் முக்கியம். யாராவது ஒருவர் தொலைபேசி அழைப்புகளை எடுத்துக்கொள்ளலாம். படிவங்களை இன்னொருவர் பார்க்கலாம். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்பது நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் களைத்தவரால் கேட்க முடியாது. "வியாழக்கிழமை மாலை வருகிறேன், கூட உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவது நூறு மடங்கு மேல். மூன்று மாதம் கழித்தும் வர வேண்டும். முதல் வாரம் வீடு நிரம்பி இருக்கும், தொண்ணூறாவது நாள் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்புறம், இதே இழப்பைக் கடந்தவர்களின் குழுக்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஃபிராங்க் கேம்பல் முன்னெடுத்த ஒரு முயற்சி எனக்கு மிகவும் பிடிக்கும். தற்கொலையால் தாங்களே ஒருவரை இழந்த, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், மரணம் நடந்தவுடனேயே குடும்பத்தைத் தேடிப் போவார்கள். உதவி தேடி மக்கள் வர ஆண்டுக்கணக்கில் ஆகிக்கொண்டிருந்தது, அதற்கப்புறம் வாரக்கணக்காகக் குறைந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. குற்ற உணர்வைப் பற்றி நிபுணர் சொல்வதைவிட, "நானும் அந்தக் கதவருகே நின்றிருக்கிறேன்" என்று ஒருவர் சொல்வது சீக்கிரம் உள்ளே இறங்கும். குழு எல்லாருக்கும் ஒத்துவராது, அதுவும் சரிதான். மற்றவர் கதை கேட்டு மனம் இன்னும் கனத்தால், தனியாக ஓர் ஆலோசகரிடம் போகலாம்.

நீடித்த துயரத்துக்கெனத் தனிச் சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கிய முறை சுமார் 16 அமர்வுகள் கொண்டது. இறந்த செய்தி வந்த நேரத்தைப் பாதுகாப்பான சூழலில் மறுபடி சொல்வது, தவிர்த்துவரும் இடங்களையும் பொருட்களையும் கொஞ்சம் கொஞ்சமாக அணுகுவது, வாழ்வில் விரும்பும் ஒன்றை மீண்டும் தொடங்குவது எல்லாம் அதில் உண்டு. அவருடைய 2016 ஆய்வில், மனச்சோர்வு மருந்து மட்டும் துயரத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. இந்தச் சிகிச்சையோடு சேரும்போது மனச்சோர்வு அறிகுறிகள் குறைய அது உதவியது. எனவே 'மாத்திரை எடுத்தும் துக்கம் போகவில்லையே' என்று கவலைப்படுபவர், சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அவருக்குத் தேவைப்படும் சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை என்பதாக இருக்கலாம்.

நிற்காத காவலுக்கும் செய்யக்கூடியது உண்டு. உடம்பைத் திட்டி நிறுத்த முடியாது. இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் படுக்கையில் புரளாமல், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, "இது பழைய வேலை நேரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஒரு வழக்கம் உதவும். மாத்திரைப் பெட்டி போன்ற பொருட்களை எப்போது எடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் முடிவு செய்யக் கூடாது. எஞ்சிய மருந்துகளைப் பொறுத்தவரை மட்டும் தாமதம் வேண்டாம். அவற்றை நம்பிக்கையான ஒருவர் வாங்கிப்போய் மருந்தகத்தில் ஒப்படைத்துவிடட்டும், காலிப் பெட்டி இருந்தால் இருக்கட்டும்.

இறந்தவரைப் பற்றிப் பேசுங்கள். எப்படி இறந்தார் என்பதை விட்டு, எப்படி இருந்தார் என்று கேளுங்கள். ஒன்பது ஆண்டு நோயும் ஒரு நாள் மரணமும் சேர்ந்து அந்த மனிதரை மறைத்துவிடுகின்றன. அண்ணன் சைக்கிள் கற்றுக்கொடுத்தது, பாட்டுக்குத் தப்புத் தப்பாகத் தாளம் போட்டது எல்லாம் வெளியே வர யாராவது கேட்க வேண்டும். நோய் வருவதற்கு முன் இருந்த அண்ணன் அந்தத் தங்கைக்குத் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்வது என்று தெரியாமலே பலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். நீளமாக ஒன்றும் வேண்டாம். வேண்டுமானால் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய் அப்படியே நீட்டலாம்: "மனநோய் இருந்த என் அண்ணனை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன். மூன்று மாதம் முன்பு அவர் தற்கொலையால் இறந்துவிட்டார். எனக்குத் தூக்கம் வருவதில்லை." இந்த மூன்று வரியில் ஒரு மருத்துவர் தொடங்குவதற்கு வேண்டியது இருக்கிறது. மீதியை அவர் கேட்பார். அவர் கேட்கவில்லை என்றால், கேட்கிற இன்னொருவரிடம் அதே தாளோடு போங்கள்.